'சித்தமானால்' சொல்லாத கெர்ட்ரூட் அம்மாள்

நோயாளியின் வீட்டுக்குள் நுழைந்ததும் கெர்ட்ரூட் அம்மாள் முதலில் ஜன்னல்களைத் திறப்பாள். பிறகு படுத்திருப்பவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "கொய்னா மருந்து குடிச்சியா?" என்று அதட்டுவாள். இல்லை என்றால், கசப்பு தெரியாமல் விழுங்க ஒரு துண்டு வெல்லம் அவள் முந்தானையில் முடிந்திருக்கும். மருந்து உள்ளே போன பிறகுதான் ஜெபம். "மருந்தும் ஆண்டவரு குடுத்ததுதான். அதைக் கீழ துப்பிட்டு அவருகிட்ட என்னத்தக் கேக்குறது?"

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் ஆள் வந்து நிற்பது இவள் வாசலில்தான். வேதக்காரர் வீடு, இந்துக்கள் வீடு என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சேதி வந்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுவாள்.

ஜெபிக்கும்போது கண்ணை மூடமாட்டாள். அடுத்த அறையில் இருப்பவரிடம் பேசுவது போல உரக்கப் பேசுவாள். சண்டை பிடிக்கிறாளோ என்றுகூடத் தோன்றும். அவள் போகும் கோயிலின் மாரிஸ் உபதேசியாருக்கு இது கொஞ்சம் உறுத்தல். அதைவிடப் பெரிய உறுத்தலும் உண்டு. அவர் அடக்கமாக, "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் இவரைச் சுகமாக்கும்" என்று முடித்ததும் வீடே ஆமென் சொல்லும். இவள் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வாள்.

"ஏனம்மா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"வேதத்துல குஷ்டரோகி ஒருத்தன் ஆண்டவருகிட்ட இதையேதான் கேட்டான், ஐயா. மனசு இருக்குன்னு சொல்லித் தொட்டாரே! அதுக்கப்புறமும் இருக்கா இருக்கான்னு நச்சரிச்சா, மனுஷனுக்கே வருத்தமா இருக்காதா லா?"

உபதேசியார் சிரித்துவிட்டார். ஆனால் தம் ஜெபத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இவள் ஜெபித்தவர்களெல்லாம் எழுந்து நடந்துவிடவில்லை. போன மழைக்காலத்தில் அதே குவார்ட்டர்ஸில் இருந்த இராமலிங்கத்தின் சின்ன மகள் குளிர்காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பிஞ்சு உடம்பைக் குளிப்பாட்டித் துடைத்தவள் கெர்ட்ரூட் அம்மாள்தான். பெற்றவளைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஏன்னு எனக்குத் தெரியலம்மா. அவருக்கு மனசில்லாமப் போச்சுன்னு மட்டும் சொல்லாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் வீட்டிலேயே ஒரு நோயாளி இருக்கிறார். கணவர் கொர்னேலியஸ், ரயில்வே ஃபிட்டர். போன வருஷம் பாரிசவாயு வந்து வலது கை விழுந்துவிட்டது. கை திரும்பாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இந்தக் குவார்ட்டர்ஸும் இல்லை. தினமும் நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறாள், ஜெபிக்கிறாள். கை அசைந்தபாடில்லை. "ஊருக்கெல்லாம் ஜெபம் பண்றீங்க, அண்ணனுக்குக் கை இன்னும் வரலையாக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் பைப்படியில் கேட்டாள். எதற்கும் வாய் ஓயாத கெர்ட்ரூட் அம்மாள், குடம் நிரம்பும் முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் போக அவள் சட்டை மாட்டிவிடும்போது கொர்னேலியஸே அதைச் சொல்லிவிட்டார்.

"போதும் கெர்ட்ரூட். ஊர்ல எல்லாருக்கும் அவருக்கு மனசு இருக்கும். எனக்கு இல்ல. ஒத்துக்கோயேன், எனக்கும் நிம்மதி."

அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன. கண் நிறைந்துவிட்டது. கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே வந்தவள், கழுத்துப் பொத்தானுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து, அதைத் தாமே போட அவர் இடது கையை உயர்த்தினார்.

"இந்தக் கை வேணாங்க. அது வலது கையோட வேலை."

வெளியே கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அவரது இடது கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் பிடித்து வைத்துக்கொண்டு, தொங்கிக் கிடந்த வலது கையைப் பார்த்தபடி அவள் காத்து நின்றாள்.