ஊற்றுக்கு மேலே வெட்டிய கான்

எங்கள் எஸ்டேட் ஆண்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கான் வெட்டுவது. மழைத்தண்ணீர் தேயிலைக் காட்டின் மண்ணை அரிக்காமல் வடிந்து போக, சரிவு பார்த்து வெட்டும் வடிகாலைத்தான் கான் என்போம். என் வீட்டுக்காரர் கான் வெட்டும் ஆட்களுக்குத் தலைவர். அவர் வெட்டிய கானில் ஓர் இலையைப் போட்டால் எங்கும் தங்காமல் ஓடையில் போய் விழும். இதைச் சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்காக மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார். அந்தப் பெருமைதான் எங்கள் குடிதண்ணீரில் பீயைக் கலந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட். பெயர் சொல்லும் அளவுக்கு அதற்கு யோக்கியதை இல்லை. ஒரே சரிவில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வீட்டு வரிசைகள். கீழ் லயத்தில் நாங்கள் பன்னிரண்டு வீடு. எங்களுக்குக் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் லயத்துக்குப் பின்னால் பாறை இடுக்கில் கசிகிற ஓர் ஊற்றுதான். அதை விட்டால் ஆற்றுக்கு இறங்கி, குடத்தோடு ஏறி வர வேண்டும். என் கடைசிப் பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். பாலோடு கஞ்சித்தண்ணீரும் கொடுக்கத் தொடங்கியிருந்தேன்.

அதுவரை யாருக்கும் கக்கூஸ் கிடையாது. தேயிலைச் செடிக்குள்தான் போவோம். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே வந்து அதே செடியில் கொழுந்து எடுப்போம். மேலிடத்திலிருந்து பார்வையிட ஆள் வருகிறது என்றதும்தான் துரைக்கு எங்கள் மானம் ஞாபகம் வந்தது. மேல் லயத்தை ஒட்டி ஆறு அறை வைத்து ஒரு கக்கூஸ் கட்டச் சொன்னார். தொட்டி கட்ட சித்திரபுரத்திலிருந்து ஒரு மலையாளத்து மேஸ்திரி வந்தார். தொட்டியிலிருந்து வழியும் தண்ணீருக்குக் குழி வெட்டும் வேலையை, கூலி மிச்சம் என்று சூப்பர்வைசர் எங்கள் கான் ஆட்களிடம் கொடுத்தார்.

மேஸ்திரி படித்துப் படித்துச் சொன்னார். மலைக்குக் குறுக்கே, ஏற்ற இறக்கம் இல்லாமல் நீளமாக வெட்ட வேண்டும். உடைகல் நிரப்பி, சாக்கு விரித்து, மேலே மண் மூட வேண்டும். தண்ணீர் ஓடக் கூடாது; குழி முழுக்க நின்று, மெதுவாக மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

"தண்ணி ஓடான் பாடில்லா சேட்டா. நிக்கணும்."

என் வீட்டுக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "ஓடாத தண்ணிக்கு எதுக்குய்யா கானு? கொசுவுக்கு நீச்சக்குளம் வெட்டச் சொல்றியா?"

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். "அவரு வெட்டாத கானா, நீ போய் செங்கலைப் பாரு" என்று மேஸ்திரியை அனுப்பிவிட்டார்.

இரண்டே நாளில் வெட்டி முடித்தார்கள். மரச்சட்டம் வைத்துச் சரிவு பார்த்து, கயிறு பிடித்த மாதிரி நேராக, கீழே பார்த்து. அதன் வாய் முடிந்த இடம் எங்கள் ஊற்றுக்கு முப்பது அடி மேலே. அதில் கல்லை நிரப்பி மூடிவிட்டு, பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்த மாதிரி எல்லோரும் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மேல் லயம் மொத்தமும் புதுக் கக்கூசில் வரிசை கட்டியது. மூன்றாவது வாரம் என் பிள்ளைக்கு வயிறு போக ஆரம்பித்தது. நான்கு நாளில் கண் உள்ளே போய், அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தது. பல் முளைக்கிறது என்றார் டிஸ்பென்சரி கம்பவுண்டர். பன்னிரண்டு வீட்டிலும் பிள்ளைகளுக்கு வயிறு போனது. எல்லாருக்கும் ஒரே வாரத்தில் பல் முளைக்கிறது போலிருக்கிறது.

பார்வையிட வரும் நாளுக்கு முன்னால் கக்கூசில் டின் டின்னாக பினாயிலை ஊற்றிக் கழுவினார்கள். அன்று சாயங்காலம் நான் ஊற்றில் குடத்தை முக்கினேன். தண்ணீர் அரிசி கழுவியது போல வெளுத்திருந்தது. பினாயில் நாற்றம்.

குடத்தோடு சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுக்கு மேல்மலையிலிருந்து தனிக் குழாய். ரப்பர் ட்யூப் பிடித்து ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"காய்ச்சிக் குடிங்க" என்றார்.

"பீயக் காய்ச்சினா என்ன ஆகும் சார்?"

"நாளைக்கு ஆளு வர்ற நேரத்துல கலாட்டா பண்ணாத. போ."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் குடத்தை நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். அந்த மனுஷன் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"மத்தியானம்தான ஊத்துனாங்க? அதுக்குள்ள வந்துருச்சா. கான்ல ஒரு பிழையும் இல்ல பாரு."

பக்கத்துப் பாயில் பிள்ளை கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் மண்வெட்டி எடுத்தோம். சொல்லியனுப்பியதும் மேஸ்திரி வந்து இடம் காட்டினார். ஊற்றுக்கு எதிர்ப்பக்கச் சரிவில், மலைக்குக் குறுக்கே. சூப்பர்வைசரின் ரோஜா ட்யூபைப் பக்கத்து வீட்டு மதினி கேட்காமலே உருவிக்கொண்டு வந்தாள். ட்யூபில் தண்ணீர் நிரப்பி, குழியின் தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஆளுக்கொரு முனை பிடித்தோம். இரண்டு வாயிலும் தண்ணீர் விளிம்பைத் தொட்டு நின்றால் சமம், ஒரு பக்கம் வழிந்தால் மறுபக்கம் வெட்டு. இவ்வளவுதான் வித்தை. இதைச் செய்ய மீசை வேண்டியதில்லை.

ஆண்கள் மேட்டில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் இறங்கி வந்தார். "அந்த முனையில தண்ணி ஓட கொஞ்சம் வாட்டம் குடுங்களேன். செத்த பாம்பு மாதிரி கெடக்கு."

"செத்தே கெடக்கட்டும் அண்ணே" என்றாள் மதினி. "உங்க பாம்புதான் எங்க குடத்துக்குள்ள வந்துச்சு."

பழைய குழியின் கல்லைத் தோண்டிச் சுமந்து புதுக் குழியில் நிரப்பியதும் நாங்கள்தான். இருட்டுவதற்குள் தொட்டியின் தண்ணீரைப் புதுக் குழிக்குத் திருப்பினார் மேஸ்திரி. சூப்பர்வைசர் மறுநாள் வந்து, தானே யோசித்து மாற்றியது போலத் துரையிடம் காட்டினார். ட்யூபில் மண் ஒட்டியிருந்ததற்கு மட்டும் எங்களைத் திட்டினார்.

ஊற்றை இறைத்து, கழுவி, சுண்ணாம்பு போட்டோம். மேஸ்திரி பேச்சைக் கேட்டு ஒரு மழைக்காலம் முழுக்க ஆற்றுத்தண்ணீர் சுமந்தோம். அதைக் காய்ச்சிக் கொடுத்ததில்தான் பிள்ளை மெல்லத் தேறியது.

மழை விட்டதும் ஊற்றில் ஒரு சொம்பு மொண்டு என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"நீங்க குடிங்க."

"எதுக்கு, நான் மொதல்ல?"

"கான்ல ஒரு பிழையும் இல்லன்னீங்கள்ல. குடிங்க."

லயமே பார்த்துக்கொண்டிருந்தது. குடித்தார். அன்றைக்கு மீசையைத் தடவவில்லை.

மூன்று நாள் அவர் வயிற்றைக் கவனித்தேன். ஒன்றும் ஆகவில்லை. நான்காம் நாள் பிள்ளைக்குக் கஞ்சி வைக்க ஊற்றில் குடத்தை முக்கினேன்.