எத்வானின் கட்டைவிரல்

மார்லூசியிடம் கொடுத்தால் எந்த ப்ரோகிராமும் ஓடிவிடும் என்று ரெசிஃபே நகரத்தில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் சொல்வார்கள். அந்தப் பேச்சை அவளும் நம்பித் தொலைத்தாள்.

அவள் கணவன் எத்வான் பஸ் ஓட்டியவன். வாய் ஓயாதவன். அவன் பஸ்ஸில் ஏறினால் காசா அமரேலா வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே போகலாம். அப்படிப்பட்டவனுக்கு நரம்பு நோய் வந்து கை, கால், குரல் எல்லாம் போய், வலது கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. ஜூனில் வரும் சாவ் ஜோவாவ் பண்டிகைக்குள் அதுவும் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அவன் சொல்ல நினைப்பதையெல்லாம் கேட்டுவிட வேண்டும். மார்லூசிக்கு வேறு ஆசையே இல்லை.

கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பொத்தானை வைத்தாள். திரையில் எழுத்துகள், அவற்றின் மேல் ஒரு மஞ்சள் கட்டம் ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய எழுத்தில் அழுத்தினால் பதியும், முடித்ததும் கணினி வாசிக்கும். அதே திரையில் கால்பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதும் பொத்தான் வேலை செய்தாக வேண்டும் என்று எத்வான் அடம்பிடித்தான். அதனால் அவள் பைத்தான் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் நேராகக் கணினியை ஆட்டிவைக்கும் இயங்குதளத்திடமே போய் நின்றது: பொத்தான் அழுந்தினால் என்னுடைய இந்த ஃபங்ஷனை, இந்தக் குட்டி ப்ரோகிராமை, கூப்பிடு, இதோ அதன் முகவரி.

"காப்பியில சக்கரை பத்தலை. அப்படியே உங்கப்பன் மாதிரி கஞ்சம் நீ" என்பதுதான் அது முதலில் பேசியது. மார்லூசி சிரித்தாள், அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

குட்டிக் குட்டி வாக்கியமாக முடித்தால் ஒழுங்காக ஓடும். நீளமாக ஆரம்பித்தால் போச்சு. பிழைச்செய்தி கூடக் காட்டாமல் ப்ரோகிராம் பொசுக்கென்று மறைந்துவிடும். "மார்லூசி, உன்கிட்ட ரொம்ப நாளா ஒண்ணு" என்று வரும், காணாமல் போகும். அரைமணி நேரம் அந்த மனுஷன் உயிரைக் கொடுத்து அழுத்திய எழுத்துகள். மறுபடி ஆரம்பிப்பான். மறுபடி போகும்.

"உன் ப்ரோகிராமும் உன் சமையல் மாதிரிதான். பாதியிலேயே தீஞ்சிடுது" என்று கூட ஒருநாள் துண்டு துண்டாக எழுதிக் காட்டினான்.

அவள் ஒயரை மாற்றினாள், பொத்தானை மாற்றினாள், கணினியையே மாற்றினாள். எதுவும் தேறாதபோது ஒரு நாள் வாய் தவறியது.

"நீ ரெண்டு ரெண்டு தடவை அழுத்துற எத்வான். விரல் நடுங்குது பாரு. கொஞ்சம் நிதானமா அழுத்தக் கூடாதா?"

மஞ்சள் கட்டம் நகர்ந்தது. "சரி" என்றது கணினி.

அதற்கப்புறம் தண்ணி, வலி, திருப்பிப் படுக்க வை, அவ்வளவுதான். கேலி நின்றது. அந்த "ரொம்ப நாளா ஒண்ணு" திரும்பி வரவே இல்லை.

அவன் அக்கா சுலெய்தி வந்திருந்தபோது கேட்டாள்: "இவன் இப்படி வாயடைச்சுக் கெடக்க மாட்டானே. என்னடி சொன்ன இவனை?"

"ஒண்ணும் சொல்லலைக்கா. விரல் தளர்ந்துபோச்சு."

ஜூன் பிறந்தது. ஆபீஸில் பக்கத்து மேஜை ஜைல்சன் மரவள்ளி அப்பத்தை மென்றபடி அவள் திரையில் இருந்த எத்வானின் ஸ்கிரிப்டை எட்டிப் பார்த்தான்.

"இந்த ஃபங்ஷனை யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

"இயங்குதளத்துகிட்ட குடுத்துட்டேனே."

"அதுகிட்ட இருக்கறது வெறும் முகவரி. அது பைத்தானுக்குத் தெரியுமா? யாருக்கும் வேண்டாம்னு நெனச்சுக் குப்பையில கூட்டித் தள்ளிடும். ஒரு பேரு குடுத்து நாமதானே பிடிச்சு வைக்கணும்? இதுக்கு எத்தனை புதுப் பசங்களைத் திட்டியிருப்ப நீ, மார்லூசி."

அவள் திரையை மேலே நகர்த்தி அந்த வரியைத் தேடினாள். நினைவகத்தில் கூட்டித் தள்ளிய இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். வாக்கியம் நீள நீள இடம் தேவைப்படும், ஏதாவது ஒன்று அங்கே வந்து உட்காரும். அடுத்த அழுத்தலுக்கு இயங்குதளம் அதே முகவரிக்குப் போய்க் கூப்பிடும். அங்கே அவளுடைய ஃபங்ஷன் இருக்காது. அவன் விரலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஃபங்ஷனுக்கு ஒரு பேர் கொடுத்து ஒரே ஒரு வரியை மாற்றினாள். பாவி, ஒரே ஒரு வரி.

சாயங்காலம் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என்னோடது எத்வான். உன் விரல்மேல ஒரு குத்தமும் இல்லை. இப்போ சரி பண்ணிட்டேன். அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியே, அதைச் சொல்லு. எவ்வளவு நீளமா இருந்தாலும் சொல்லு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். மஞ்சள் கட்டம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை போய்த் திரும்பியது. கட்டைவிரலில் லேசாக ஒரு துடிப்பு, பொத்தான் அழுந்தவில்லை. அவன் நெற்றியில் வேர்வை பூத்தது. தெருவில் பண்டிகைக்கு அக்கார்டியன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவசரமில்லை" என்றாள். கட்டம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

அன்று ப்ரோகிராம் ஒரு தடவை கூட நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை; பொத்தானும் அழுந்தவில்லை. நின்று தொலைத்திருந்தால் அதன் மேலாவது பழியைப் போட்டிருப்பாள். அவள் அதை அணைக்கவே இல்லை. இரவு எத்வான் அசந்து கண்ணை மூடிக்கொண்ட பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது.