ஃபாக்ஸ் ஹாலோ மேடும் கைப் பெடலும்

அப்பா பிப்ரவரியில் இறந்தார். பெயர் ஆரின் ஸ்ட்ராண்ட். ஓரிகனில், யூஜின் பக்கத்து மர அறுவை ஆலையில் மெஷின்கள் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற பின் சனிக்கிழமைதோறும் சாய்வு சைக்கிள்காரர்களோடு கிளம்பிவிடுவார். சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற வண்டி. அவருடையதற்கு மூன்று சக்கரம்.

தசை தேயும் நோய் வந்தது. முதலில் தொடை, கூடவே விரல்கள் என்றார் டாக்டர். மருந்து இல்லை. சனிக்கிழமைகளில் ஏறுகிற ஃபாக்ஸ் ஹாலோ மேட்டை இன்னும் எவ்வளவு காலம் ஏறலாம் என்று மட்டும் அப்பா கேட்டார். டாக்டருக்கு அந்த மேடு தெரியாது.

நான் பம்ப் வடிவமைக்கும் இன்ஜினியர். தோள் நன்றாகத்தானே இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். மார்புக்கு நேராகக் கையால் சுற்றும் பெடல் வைத்து, அதன் செயினைக் கால் பெடலோடு சேர்த்தேன். கை சுற்றினால் காலும் சுற்றும். எது எவ்வளவு வாட் தள்ளுகிறது என்று காட்ட இரண்டுக்கும் தனித்தனி மீட்டர்.

"யோவ் ஆரின், நாலு பெடல் வச்சுக்கிட்டும் கடைசியாத்தான் வர்றே!" என்று அவருடைய கூட்டாளி வெர்ன் கத்துவார்.

"உன் பின்பக்கத்த யாராவது காவல் காக்க வேணாமா?"

கோடையில் ஒருநாள் அப்பா கேட்டார். "கால் எவ்வளவும்மா காட்டுது?"

"மைனஸ் ஆறுப்பா."

கால் தள்ளவில்லை. கைதான் காலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓசிப் பயணம் போகுதா? இறக்கி விடு."

கால்களை ஒரு தகட்டின் மேல் வைத்துக் கட்டினேன். கையாலேயே ஏறினார்.

செப்டம்பரில், பாதி மேட்டில் விரல்கள் நழுவின. வண்டி பின்னால் உருண்டது. பின்னால் என் சைக்கிளில் வந்த நான் குதித்து இறங்கி அவர் இருக்கையைத் தாங்கிப் பிடித்தேன். அவர் இடது கையால் வலது கை விரல்களை மடக்கி வைத்தார். விட்டதும் அவை விரிந்துகொண்டன.

"கட்டு."

"கட்டினா பிரேக் பிடிக்க முடியாதுப்பா."

"ஏறுறவனுக்கு எதுக்குடி பிரேக்கு? கட்டு."

கைப்பிடியில் சுற்றும் டேப்பால் இரண்டு கைகளையும் கட்டினேன். பின்னால் ஒரு கையை வைத்தபடி நடந்தேன். தள்ளவில்லை. அவர்தான் ஏறினார்.

உச்சியில் வெர்ன் மணியடித்துக் கூத்தாடினார். அப்பாவின் முகம் முழுக்க வியர்வை. கை கட்டியிருந்ததால் நானே பாட்டிலை வாயில் வைத்தேன். இரண்டாவது மடக்கில் புரையேறியது. இருமல் நிற்கவில்லை. உதடு நீலமாகத் தொடங்கியது. நான் டேப்பைக் கிழித்தேன். வெர்ன் அவரை முன்னால் சாய்த்து முதுகில் தட்டினார்.

தொண்டையும் தசைதான். அதை நான் யோசித்திருக்கவில்லை. யோசித்திருந்தாலும், அங்கே பொருத்துவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

ஒருவழியாக மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெர்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாருய்யா, பம்ப் இன்ஜினியராம். தண்ணிய மெதுவா ஊத்தத் தெரியல."

நான் மெதுவாகத்தான் ஊற்றியிருந்தேன்.