வேலாயுதத்துக்கு எந்த டேக்?

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் பாதி வாத்தியார், பாதி கொத்தனார். சம்பளம் மட்டும் இரண்டுக்கும் கிடையாது. எட்டாம் வகுப்புக்கு எரிமலை, ஏழாம் வகுப்புக்குச் சூரியக் குடும்பம், ஆறாம் வகுப்புக்கு மழைநீர் சேகரிக்கும் தெர்மகோல் வீடு என்று நாங்கள் கட்டிக் கொடுத்ததையெல்லாம் வரிசையாக வைத்தால் மத்திகிரியிலிருந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரை வரும். பொழுது சாய்ந்த பிறகு வந்து "நாளைக்குக் காலையில வேணும்" என்று நிற்கும் பெற்றோரைப் பார்த்தவர்களுக்கும், அப்படி வந்து நின்றவர்களுக்கும் நான் சொல்லப்போவது புரியும்.

எனக்கு இரண்டு வேலை. ராத்திரி, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் பெட்டி ஏற்றி அனுப்புவது. பகலில் வீட்டு முன்னறையில் இந்தக் கடை. காலையில் மனைவி செல்வி பார்த்துக்கொள்வாள், மத்தியானத்துக்கு மேல் நான். நடுவில் தூங்க வேண்டும். தூக்கம் வராது. எட்டாம் வகுப்போடு அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்தவன். படுத்தால் ஏதோ ஒரு பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரியே இருக்கும். எழுந்து உட்கார்ந்து நாவல் படிப்பேன். எல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவை. கடைக்குள் ஒரு சுவர் முழுக்க அவைதான். "இதை விக்கவும் மாட்டீங்க, விடவும் மாட்டீங்க" என்பாள் செல்வி. போன வருஷம் அந்தச் சுவருக்கு ஒரு வேலை வந்தது.

எரிமலை இருக்கு, நாவல் இல்லை

எதிரே இருக்கும் அரசுப் பள்ளிக்குக் கலைச்செல்வி டீச்சர் தமிழாசிரியையாக வந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரு பீரியட் நாவல் படிக்க என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கினார். பாடத்தில் இல்லாத நாவல், அவரவரே தேர்ந்தெடுத்தது. பத்துப் பக்கம் படித்துப் பிடிக்காவிட்டால் திருப்பி வைத்துவிட்டு வேறு எடுக்கலாம். பரீட்சை கிடையாது, கதைச்சுருக்கம் கிடையாது. படித்து முடித்தவர்கள் அந்தக் கதையிலிருந்து ஏதாவது ஒன்றைத் தங்கள் கையால் செய்து கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். பள்ளி அலமாரியில் இருந்தது போதவில்லை. சார்ட் வாங்க வந்தவர் என் சுவரைப் பார்த்தார். மறுநாளிலிருந்து பிள்ளைகள் என் கடையில்.

முதல் வாரமே நாகரத்னம்மா வந்தார். ரோஜாப் பண்ணையில் பூ வெட்டும் வேலை, வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மகன் மஞ்சுநாத்துக்கு ஒன்பதாம் வகுப்பு நாவல் ப்ராஜெக்ட் ஒன்று வேண்டும் என்றார். "அது ரெடிமேட் வராதும்மா, படிச்சுத்தான் செய்யணும்" என்றேன். "யாரு படிக்கணும்?" "பையன்தான்." "இவனா?" என்று வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார். அவனும் அவரோடு சேர்ந்து தன்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டான். காசு வேண்டுமானால் கூடத் தருகிறேன் என்றார். நான் அசையவில்லை. கடைவாசலில் காய்ந்துகொண்டிருந்த எரிமலையைக் காட்டிச் சொன்னார்: "எரிமலையே கேட்டதும் கெடைக்குது. ஒரு கதைக்குப் போயி இவ்ளோ பந்தாவா?"

ஒல்லிப் புத்தகம்

மஞ்சுநாத் சுவரில் இருந்ததிலேயே ஒல்லியான புத்தகத்தை எடுத்துப் போனான். மறுநாள் பள்ளி விட்டதும் வந்து, "பத்துப் பக்கம் ஆச்சு அங்கிள், புடிக்கல" என்றான். அடுத்த ஒல்லி. அதுவும் பிடிக்கவில்லை. டீச்சர் கொடுத்த பத்துப் பக்கச் சலுகையை இவன் மாதிரி உறிஞ்சியவர் யாருமில்லை. ஒல்லிகளெல்லாம் தீர்ந்துபோய், நடுத்தர உடம்புள்ள ஒன்றை வேண்டா வெறுப்பாக எடுத்துப் போனான். காணாமல் போன எருமையைத் தேடி ஊர் ஊராகப் போகும் ஒரு பெண்ணின் கதை. அதன் பிறகு ஆளைக் காணோம்.

ஒரு வாரம் கழித்து நாகரத்னம்மா வந்தார். மறுபடி எரிமலைக்குத்தான் என்று நினைத்தேன். விஷயம் வேறு. பையனுக்குத் தமிழை மனசுக்குள் படித்தால் ஓடாது; சத்தமாகப் படிக்கிறான். அம்மா களி கிண்டியபடியே "என்னடா அது?" என்று கேட்டிருக்கிறார். அவன் கன்னடத்தில் சொன்னான். அதிலிருந்து தினமும் கதை. அதையே ப்ராஜெக்டாக்கிவிட்டான். முழு நாவலையும் கன்னடத்தில், தன் குரலில், அம்மாவின் போனில் பதிவு செய்கிறான். நடுவில் அம்மா கேட்கும் கேள்விகளும், அடுப்புச் சத்தமும் அப்படியே வருகின்றன. டீ நேரத்தில் பண்ணைப் பெண்கள் போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்களாம். கவுண்டரில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார் நாகரத்னம்மா: "அந்த எருமை கெடைச்சுதா இல்லியான்னு மட்டும் சொல்லிடுங்க. அவன் சொல்ல மாட்டேங்கறான், பண்ணையில என்னைய விட மாட்டேங்கறாங்க."

கணக்குக்கு ஒரு பீரியட்

சேகர் திண்டுக்கல் பக்கத்துக்காரர். இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சட்டைப் பையில் பேனா இல்லாமல் இருந்தாலும் இருக்கும், ஸ்டீல் ஸ்கேல் இல்லாமல் இருக்காது. அவர் மகள் பவித்ரா என் சுவரில் அட்டை கிழிந்த நாவல் ஒன்றை எடுத்துப் போன இரண்டாம் நாள் வந்து நின்றார். "நீங்கதான் கதைப் புத்தகம் கொடுக்கறதா?" "ஆமா சார்." "அடுத்த வருஷம் பப்ளிக் எக்ஸாம். பிள்ளை கணக்குல திணறுது. நான் டிப்ளமோவைப் பாதியில விட்டவன் சார். எனக்கு அப்புறம் வந்தவனெல்லாம் மேனேஜர். நான் இன்னும் ஸ்கேலோட நிக்கிறேன். அவளும் நிக்கணுமா?" அவர் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். மாசக் கடைசிக் கூட்டத்தில் பேசி அந்தப் பீரியடைக் கணக்குக்கு மாற்றிவிடப் போவதாகச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் டீச்சரிடம் சொன்னேன். அவர் கலங்கிப்போனார். ஒரு பருவத்துக்கு மட்டும் சோதனையாகக் கொடுத்த பீரியட் அது. ஒரு பெற்றோர் எழுந்து வேண்டாம் என்றால் போதும், போய்விடும். பிள்ளைகள் அப்போதுதான் பாதிப் புத்தகத்தில் இருந்தார்கள். "நீங்க பேசுங்க டீச்சர், படிச்சவங்க" என்றேன். வாங்கிய சார்ட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பிள்ளைங்க படிக்கறாங்களான்னு கேட்டாச் சொல்லிடுவேன். எதுக்குப் படிக்கறாங்கன்னு கேட்டா என்னண்ணா சொல்றது?"

பார்க்காமல் கட்டக் கூடாது

பவித்ரா எடுத்த நாவலில் வேலாயுதம் என்று ஒருவன். மனைவி மரகதத்தையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வேலை தேடிப் போகிறான். வருஷக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. மரகதம் இட்லி சுட்டு விற்றுப் பிள்ளைகளை ஆளாக்குகிறாள். ஒருநாள் அவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். பவித்ராவின் ப்ராஜெக்ட் இதுதான்: கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டேக். கம்பெனிகளில் செய்த பொருளைச் சோதித்ததும் கட்டுவார்களே, அந்த அட்டை. நல்ல பொருளுக்குப் பச்சை, சரிசெய்து எடுக்கலாம் என்றால் மஞ்சள், ஆகவே ஆகாது என்றால் சிவப்பு. கூடவே காரணமும் எழுத வேண்டும்.

டேக்கில் ஓட்டை போட என் கடைக்கு வந்தவள் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். வீணாய்ப் போன பழைய டேக் இருந்தால் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். "சிவப்பு யாருக்கு?" "வேலாயுதத்துக்கு." "என்ன டிஃபெக்ட்?" சொல்லியிருக்கிறாள். "ஒரு பக்கம் மட்டும் கேட்டுட்டு ரிஜெக்ட் பண்ணக் கூடாது. பீஸைக் கையில எடுத்துப் பார்க்காமச் சிவப்புக் கட்டினா என் வேலையே போயிடும்" என்றாராம் அவர். இவள் சும்மா இருக்கிற ஆளா? எங்கள் நாவல் பீரியடுக்குச் சிவப்புக் கட்டப் போகிறீர்களே, அதை எடுத்துப் பார்த்தீர்களா அப்பா என்று கேட்டுவிட்டாள். பஞ்சிங் மெஷினை அழுத்தியபடி பவித்ரா சொன்னாள்: "அப்புறம் அப்பா என்ன பண்ணாரு தெரியுமா அங்கிள்? சாப்பிட்டுக் கைகழுவிட்டு, புத்தகத்தை எடுத்துட்டு மொட்டைமாடிக்குப் போயிட்டாரு."

கடைசிப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை சேகர் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நாவலைக் கவுண்டரில் வைத்து, "மிச்சம் எங்க?" என்றார். "எது சார்?" "வேலாயுதம் வாசல்ல நிக்கிறான். மரகதம் கதவைத் திறக்கறா. அதோட முடிஞ்சு போச்சு. அட்டைதான் இல்லைன்னு பார்த்தா கதையும் இல்ல." வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றேன். முன்னட்டையும் தலைப்புப் பக்கமும் இல்லாததால் தலைப்பு தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. சேலம், பெங்களூரு என்று போகிற இடத்திலெல்லாம் பழைய புத்தகக் கடையில் தேடிப் பார்த்துவிட்டேன். படித்தவர் யாராவது கிடைக்க மாட்டாரா என்று லாரி டிரைவர்களிடம்கூடக் கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"அப்ப அவ உள்ள விட்டாளா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது?" தெரியாது என்று தலையாட்டினேன். அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். சுவரில் இருந்த புத்தகங்களையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்: "இத்தனை வருஷமா எப்படி சார் தூங்கறீங்க?"

இரண்டு டேக்

ப்ராஜெக்டுகளைப் பார்வைக்கு வைத்த அன்றே கூட்டமும். ஷிப்ட் முடிந்து வந்து படுக்காமல் செல்வியோடு போனேன். வராந்தா முழுக்கப் பெஞ்சுகள். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் மாம்பழக்கூழ் அட்டைப்பெட்டியில் ஒருத்தி நாவலில் வரும் தெருவையே கட்டியிருந்தாள். ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் அந்த வீட்டுச் சண்டை. ஒருவன் கதாநாயகி நாவல் முழுக்கக் கட்டிய புடவைகளுக்குத் துணிக்கடைத் துண்டுகளால் ஒரு பீரோ செய்திருந்தான். மஞ்சுநாத்தின் பதிவு ஓடிய போனைச் சுற்றி நாகரத்னம்மாவும் பண்ணைப் பெண்களும்; எருமை கிடைக்கும் இடம் வந்ததும் ஏதோ சொந்த எருமை வீடு திரும்பிய மாதிரி ஒரு பெருமூச்சு. பசை வழிந்தது, அட்டை கோணியது, அளவு எதுவும் சரியில்லை. எரிமலைகளும் சூரியக் குடும்பங்களும் எவ்வளவோ கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவற்றை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இங்கே என் கடையில் செய்தது ஒன்றுகூட இல்லை. அதனாலேயே ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றேன், என் பிள்ளைகள் செய்தது போல.

பவித்ராவின் கொடிக்கயிற்றில் டேக்குகள் ஆடின. மரகதத்துக்குப் பச்சை. வேலாயுதத்துக்குச் சிவப்பு. அதே ஊக்கில் மஞ்சள் டேக் ஒன்றும் தொங்கியது. அதில் சேகரின் கொட்டை எழுத்து: 'திரும்பி வந்திருக்கிறான். சரிசெய்து பார்க்கலாம்.' நான் போகும்போது அப்பாவும் மகளும் இன்னும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "வந்துட்டாம்ல பவி, அதைக் கணக்குல எடுக்கணும்ல?" "ரீவொர்க் யாருப்பா பண்றது? அதையும் மரகதமே பண்ணணுமா?" சேகர் தன் மஞ்சள் டேக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஆனாலும் டேக்கை அவிழ்க்கவில்லை. அவளும் அவிழ்க்கச் சொல்லவில்லை. ஊரை விட்டு வந்தவர்கள் நிறைந்த இடம் இது. அந்த ஊக்கின் முன்னால் ஆம்பிளைகள் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்கள். நானும் நின்றேன்.

கூட்டத்தில் தலைமையாசிரியர், "சேகர் சார், நாவல் பீரியட் பத்தி ஏதோ சொல்லணும்னீங்களே" என்றார். கலைச்செல்வி டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் எழுந்தார். பையிலிருந்த ஸ்கேலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பீஸை எடுத்துப் பார்த்துட்டேன் சார், பச்சைதான். கணக்கை நான் வீட்ல உக்காந்து பார்த்துக்கறேன். ஒரே ஒரு கண்டிஷன், இனிமே கடைசிப் பக்கம் இருக்கற புத்தகமாக் கொடுக்கச் சொல்லுங்க."

இந்த வருஷம் தெர்மகோல் வியாபாரம் பாதியாகிவிட்டது, கடையில் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது, வருகிறவர் யாரும் எதையும் வாங்குவதில்லை, மரகதம் கதவைத் திறந்து என்ன செய்தாள் என்று ஆளுக்கொரு முடிவு சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பதால், செல்வியைத் தவிர எங்கள் எல்லாருக்கும் இந்தத் தொழிலில் நல்ல லாபம்தான்.