அண்ணனுக்குப் போடாத வாய்க்கரிசி

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். மதினி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் மிளகாயைப் பார்த்தார்.

‘வாங்க’ இல்லை.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமங்களில், வழி கேட்டு வருகிற ஆளுக்குக்கூட அந்த ஒரு வார்த்தை உண்டு. பிறந்த வீட்டில் எனக்கு இல்லை.

ஏன் இல்லை? சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணன் இறந்துபோனார். ராமநாதபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் போனேன். மாலை போட்டேன். அழுதேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாடையைத் தூக்கியதும் இளவட்டங்கள் அதிர்வேட்டுகளைப் பற்றவைத்தார்கள்...

முதல் வெடிக்கே என் உடம்பு தானாக ஓடியது. தெருமுனையில் ஒரு வைக்கோல் படப்பு. அதற்குப் பின்னால் குப்புறக் கிடந்தேன் — எழுபதைத் தாண்டியவன், அவிழ்ந்த வேட்டியோடு. எழுந்து பார்த்தபோது ஊர்வலம் சுடுகாட்டை நெருங்கியிருந்தது. அங்கேயும் வேட்டு. கால் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மெயின் ரோட்டுக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கூடப் பிறந்தவன் வாய்க்கரிசி போடாமல் போனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உறவு அறுந்தது. பழைய வரப்புத் தகராறை நான் மனதிலேயே வைத்திருந்தேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கருமாதிக்குச் சொல்லி அனுப்பவில்லை.

இத்தனைக்கும் அண்ணன் எப்பேர்ப்பட்டவர்! பட்டாளத்திலிருந்து கட்டுப்போட்ட காலோடு திரும்பிய என்னை, சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தினமும் கண்மாய்க்குக் குளிக்கக் கூட்டிப்போனவர்.

என் கதை உங்களுக்குத் தெரியும். எல்லையில் சண்டை, ஷெல் வெடித்து இடது காது போனது, தொடைக்குள் இன்னும் கிடக்கும் இரும்புத் துண்டுகள், பிறகு பாங்க் வேலை, பென்ஷன், பேப்பரில் உங்களுக்காக எழுதும் இந்தப் பத்தி. தெரியாதது ஒன்று உண்டு. அன்று பதுங்குகுழிக்குள் என்னோடு பேசிக்கொண்டிருந்த திருநெல்வேலிப் பையன் பாதிப் பேச்சில் போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து எனக்கு வெடிச்சத்தம் ஆகாது.

தீபாவளிக்குத் தீபாவளி நான் தனுஷ்கோடி போவதைப் பக்தி என்று நினைக்கிறார்கள். கோயில் இருப்பது ராமேஸ்வரத்தில் அல்லவா? தனுஷ்கோடியில் இருப்பது மணலும் காற்றும்தான். பட்டாசு இல்லை. விஷயம் தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். இருந்தவரை கூடவே வந்தாள். இப்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என் பை வருகிறது.

இதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணன் மகன் பாலமுருகன் வெளியே வந்தான்.

“என்ன சின்னய்யா, வழி தப்பி வந்துட்டீகளா?”

“வேட்டுக்குப் பயந்துதான்லே அன்னைக்குப் போனேன். பகையெல்லாம் இல்ல.”

சிரித்தான். “பட்டாளத்துக்காரரு... வேட்டுக்குப் பயந்தீகளாக்கும்?”

“சத்தியமாத்தான்லே.”

“சொல்றதைப் பொருந்தச் சொல்லுங்க சின்னய்யா. பேப்பர்ல நீங்கதான எழுதுனீக, குண்டுச் சத்தமெல்லாம் ஒங்களுக்குக் கொசுச் சத்தம்னு? அய்யா அதைக் கடைத்தெருவுல நின்னு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனாரு. ‘என் தம்பிடா’ன்னு நெஞ்சைத் தட்டுனாரு. அந்த மனுசனுக்கு ஒரு கை அரிசி போட ஒங்களுக்கு மனசு வரல.”

அப்படி எழுதியது நான்தான். இதே பத்தியில். நீங்கள்கூடப் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்...

ஏன் அப்படி எழுதினேன்? தழும்பைக் காட்டினால் மரியாதை கிடைக்கிறது. நடுக்கத்தைக் காட்டினால் என்ன கிடைக்கும்? அந்தப் பயத்தில்தான் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளி என்ற பெயருக்குப் பகைக்காரன் என்ற பெயரே தேவலை என்று இருந்துவிட்டேன். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு என் மீசைதான் முக்கியமாக இருந்திருக்கிறது.

மதினி நிமிராமலே மகனிடம் சொன்னார்.

“வெயில்ல வந்துருக்காக. தண்ணி குடுத்து அனுப்புப்பா.”

குடித்தேன். சொம்பை வாசல் திண்டில் வைத்தேன். ‘இருங்க, சாப்பிட்டுப் போகலாம்’ என்று யாராவது சொல்வார்களா என்று கொஞ்சம் நின்றேன். மிளகாயைக் கிண்டும் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல காதில்தான்.

ஏலே பாலா... நீ இந்தப் பக்கத்தைப் படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். கொசுச் சத்தம் என்றது பொய். வைக்கோல் படப்புக்குப் பின்னால் கிடந்தது நிஜம். உங்கய்யா செய்த மாதிரியே இதையும் கடைத்தெருவில் நின்று எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. சத்தமாகவே வாசி.

அந்தச் சத்தத்துக்கு நான் ஓடமாட்டேன்.