தளர்ந்த நட்டைப் பொறுக்காத வெனியமின்

குர்கன் நகரத்து பஸ் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த வெனியமின், தளர்ந்த நட்டு ஒன்றைக்கூடக் கண்டும் காணாமல் போனதில்லை. விருந்துக்குப் போன வீட்டில் நாற்காலி ஆடினால், சூப் ஆறினாலும் பரவாயில்லை என்று மேஜைக்கடியில் நுழைந்துவிடுவார். இந்த நற்குணம்தான் அவர் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

பழைய விபத்தொன்றில் அவருக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. எங்கள் ஊர் டாக்டர்கள் எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்களை மாட்டினார்கள். நட்டைத் தினமும் துளித்துளியாகத் திருக, விலகிய இடத்தில் புது எலும்பு வளர்ந்தது. திருகுவது நோயாளியின் வேலை. ஸ்பேனரைக் கையில் வாங்கியபோது அவர் முகத்தில் வந்த மலர்ச்சி, தைசியா கல்யாணத்துக்குச் சம்மதித்த அன்றுகூட வரவில்லை.

தைசியா டிராலிபஸ் கண்டக்டர். "உன்னைத்தான் கட்டிக்கிறேன் வேன்யா, இரும்புக்கடைய இல்ல. சனிக்கிழமை பதிவு ஆபீசுக்கு இதோட வந்தா, நான் அப்படியே திரும்பி பஸ் ஏறிடுவேன்."

கால் நீளம் சரியானதும் வளையங்களைக் கழற்றலாம்; அதற்கு முன், புது எலும்பு தனியாகப் பாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். டாக்டர் எல்வீரா நட்டுகளைத் தளர்த்திவிட்டு, "நல்லா நடங்க" என்றார். வெனியமின் நடந்தார். வார்டில் நடனமே ஆடினார். வலியில்லை, வளைவில்லை. பூரித்துப்போய்க் கழற்ற வந்த டாக்டர் நட்டைத் தொட்டார். அசையவில்லை.

"யாரு முடுக்குனது?"

"நான்தான் டாக்டரம்மா. லூசா கெடந்துச்சு."

"உங்க கண்ணு முன்னாடி நான்தானே லூசாக்கினேன்?"

"அதான் வெளிய சொல்லாம நானே சரிபண்ணிட்டேன்."

ஆக, பாரம் தாங்கி ஆடியது இரும்பு. எலும்பு உள்ளே படுத்து ஓய்வெடுத்திருக்கிறது. சோதனை மறுபடி முதலிலிருந்து. சனிக்கிழமைக்குள் முடியாது.

தைசியா கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள். "ஸ்பேனரக் குடு."

"தையா..."

"குடுன்னேன். உன்னத் தனியா விட்டா ஆயுசுக்கும் இரும்போடதான் இருப்ப. சனிக்கிழமை இப்படியே வா. பக்கத்துலயே இருந்து நான் பாத்துக்கிறேன்."

கால்சட்டையின் ஒரு பக்கத்தைக் கிழித்துப் பொத்தான் வைத்துத் தைத்தார்கள். அக்கார்டியன் முழங்க மாப்பிள்ளை ஆடினார், நட்டுகள் கிணுகிணுத்தன. மணமக்கள் முத்தமிட்டு இனிப்பாக்கட்டும் என்று விருந்தினர் வழக்கப்படி "கசக்குது, கசக்குது" என்று கத்தும்போதெல்லாம், முத்தமிடக் குனிந்தவரின் கண் காலுக்குப் போயிற்று. தைசியா மட்டும் அவர் இரண்டு கைகளையும் விடவேயில்லை. எவ்வளவு காதல் என்று கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எலும்பு தாங்கியது. அடுத்த வாரமே வளையங்களைக் கழற்றிவிட்டார்கள்.

கல்யாணப் புகைப்படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், டாக்டர் எல்வீரா மட்டும் மாப்பிள்ளையின் காலைப் பார்க்கிறார். மணப்பெண்ணின் கைப்பையிலிருந்து ஸ்பேனர் நீட்டிக்கொண்டிருக்கிறது.