ராசாவுக்கு வெள்ளிக்கிழமைப் பொட்டு

தண்டாயுதபாணிக்குக் கறை என்றால் ஆகாது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் மாஸ்டர். தைத்து வரும் டி-சர்ட்டுகளை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்துப் போட்டு, ஓட்டையும் கறையும் தேடி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. இருபத்தெட்டு வருஷமாக அதையே செய்ததில், மெஷின் எண்ணெயா, டெய்லர் குடித்த டீயா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவர் சட்டையில் சாம்பார் சொட்டியிருந்தால் இவருக்குச் சோறு இறங்காது.

அவருக்கு இருந்த ஒரே ஆசை பழைய ரூபாய் நோட்டு. அதுவும் நயா பைசா வருவதற்கு முந்தைய, அணா காலத்து நோட்டு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூருக்குப் போய், நோட்டு சேர்ப்பவர்கள் கூடுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஆல்பத்தில் நாற்பத்து மூன்று நோட்டு இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு. ஐந்தாம் ஜார்ஜ் ராசா காலத்தில் கொஞ்ச வருஷம் மட்டும் வந்து நின்றுபோனது. அதற்கு விலை சொன்னவர்களிடமெல்லாம் கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"செல்லாத நோட்டுல செல்லாத நோட்டு ஒண்ணு குறையுதுன்னு எதுக்குங்க இத்தன வெசனம்?" என்பாள் மனைவி குப்பாயி.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. பட்டன் விஷயமாகப் பல்லடம் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் ஒரு கோழிப்பண்ணை ஆபீசில் ஒதுங்கினார். சுற்றுவட்டாரமெல்லாம் கறிக்கோழி வளர்க்கும்போது, அந்தப் பண்ணையில் மட்டும் முட்டைக்கோழி. பண்ணைக்காரி பழனாத்தாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காதில் போனை வைத்துத் தீவனக்காரரிடம் பேசிக்கொண்டே, மறுபக்கம் வேலையாட்களுக்கு இந்தியில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததும் குளித்த ஈரத்தலையோடு சுவரிலிருந்த சாமி மாடத்துக்குப் போனாள். முருகனுக்குப் பொட்டு வைத்தாள். மாரியம்மனுக்கு வைத்தாள். மூன்றாவதாக இருந்த கண்ணாடியில்லாத சட்டத்துக்கும் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

அந்தச் சட்டத்துக்குள் இருந்தது இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு.

தண்டாயுதபாணிக்கு மழைச் சத்தம் கேட்கவில்லை. ராசா ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரீடம் சந்தனத்தில் முழுகியிருந்தது. நெற்றியில் ஆரம்பித்த குங்குமம் மூக்கு வழியாக இறங்கித் தாடிவரைக்கும் வந்திருந்தது. நூறு வருஷத்து நோட்டில், வாரம் ஒரு கறை.

"ஏனுங்க, முட்டை வேணுங்களா?" என்றாள் பழனாத்தாள், அவர் முழிப்பதைப் பார்த்து.

"ஆமாங்க," என்று சொல்லிவிட்டார். முப்பது முட்டை அட்டை ஒன்று ஸ்கூட்டரில் ஏறியது.

குப்பாயி முருகன் பக்தை. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை எதற்கும் அவள் வாசலுக்குள் முட்டை வரக்கூடாது. அதனால் அந்த முப்பதும் கம்பெனிக்குப் போயின. ஒடிசாப் பையன்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வெள்ளியும் போனார். பொட்டு வைக்கும் நேரத்துக்கு முன்னாலேயே போய்ப் பேச்சுக் கொடுத்தால் மறந்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை. கோழிக்கு என்ன தீவனம், வெயிலுக்கு என்ன மருந்து என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே அவள் பொட்டு வைத்தாள். இப்படி ஏழு வெள்ளி. கம்பெனியில் அவருக்கு "அண்டா பாய்" என்று பெயரே வந்துவிட்டது. இந்தியில் அண்டா என்றால் முட்டை. ஏதோ வேண்டுதல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

நோட்டின் மதிப்பைச் சொல்லாமல் கேட்டு வாங்கிவிடலாமா என்று ஒரு வெள்ளி தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியிலேயே அந்த நினைப்பு அசிங்கமாகப் பட்டது. மதிப்பைச் சொன்னால் அந்த விலையைக் கேட்பாள், வாங்க நம்மால் ஆகாது என்று பயமும் இருந்தது. அதனால் நோட்டுப் பேச்சே எடுக்காமல் முட்டை மட்டும் வாங்கினார்.

எட்டாவது வெள்ளி பண்ணைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். ஆபீசில் பிளாஸ்டிக் நாற்காலியில் குப்பாயி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பல்லடம் பஸ்ஸில் முன்னாலேயே வந்திருக்கிறாள்.

"வாங்க. வெள்ளி தவறாம ஒரு அம்மிணி பண்ணைக்குப் போறீங்கன்னு காதுல விழுந்துது. முட்டை வாசம் ஸ்கூட்டர்ல வந்துது. முட்டை மட்டும் வரலீங்களே," என்றாள்.

பழனாத்தாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நானும் ரெண்டு வாரமா யோசிச்சனுங்க. இத்தன முட்டை தின்னும் ஆளு இப்படி இளைச்சுட்டே போறாரேன்னு."

தண்டாயுதபாணி சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். நோட்டைப் போட்டு வைக்கிற உறை. என்றைக்காவது கொடுத்துவிடலாம் என்று ஏழு வாரமாகச் சுமந்துகொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நோட்டின் மதிப்பையும் சொன்னார். "ஒரு லோடு தீவனத்துக்கு மேலயே போயிருக்குமுங்க. பொட்டுல பாதி போயிருச்சுங்க. முன்னாடியே சொல்லாதது எம்மேலதான் தப்புங்க."

பழனாத்தாள் மாடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ராசா படம்னு எனக்குத் தெரியாதுங்களா? பருத்தி வித்த பணத்துல இது வந்துச்சு. ரெண்டரை ரூவாய்க்கு ஒரு நோட்டான்னு சந்தேகப்பட்டு, எங்க ஊட்டுக்காரரோட அப்பாரு, தாத்தனுங்க, செலவே பண்ணாம வெச்சுட்டாருங்க. அப்பாருக்கு ஒரு போட்டோ கூட இல்லீங்க. அவருக்கும் இதே மாதிரி தாடின்னு எங்க மாமியார் சொல்லி, கல்யாணமாகி வந்த நாள்லருந்து கும்பிடறனுங்க. காசுக்கு அப்பாரை விக்கச் சொல்றீங்களா?"

தண்டாயுதபாணி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். குப்பாயி எழவில்லை.

"அம்மிணி, என்ற மக கிருத்திகா பிரிண்டிங் யூனிட்ல டிசைன் போடறா. இந்த ராசா தலையிலருந்து கிரீடத்த எடுத்துட்டு உருமால் கட்டி, பெரிசாப் படம் போட்டுத் தரச் சொல்லட்டுங்களா? பொட்டு வெக்கவும் எடம் தாராளமா இருக்குமுங்க."

பழனாத்தாள் சட்டத்துக்குக் கிட்டப் போய் ராசாவின் காதைப் பார்த்தாள். பிறகு, "காதுல கடுக்கன் போட முடியுமுங்களா?" என்றாள்.

கிருத்திகா போனில் படமெடுத்துக்கொண்டு போய் வேலையை ஆரம்பித்தாள். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் கூட இவ்வளவு திருத்தம் சொன்னதில்லை என்று அவள் அப்புறம் சொன்னாள். முதல் சாம்பிளில் மூக்கு சீமைக்காரன் மூக்காகவே இருந்தது. இரண்டாவதில் நிறம் வெளுப்பு. மூன்றாவதில் உருமாலும் கடுக்கனும் விபூதியுமாக ஒருவர் நேராக வந்து நின்றார். பழனாத்தாள் போனில் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சட்டம் போட்ட படத்தைச் சுவரில் மாட்டிய அன்றைக்கு நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "அப்பாரு எங்கூட இருக்கட்டுங்க. ராசா உங்ககூட வரட்டும்." விலை வாங்க மாட்டேன் என்றாள். அவர் சும்மா வாங்க மாட்டேன் என்றார். கடைசியில் பண்ணை ஆட்கள் இருபது பேருக்கும் ஆளுக்கு மூன்று டி-சர்ட் என்று முடிவானது. கறையில்லாத பீசாக அவரே பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார்.

அத்தோடு முடியவில்லை. படத்தைப் பார்த்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் எங்களுக்கும் அப்பாரு வேண்டும் என்றார்கள். கிருத்திகா பதினோரு பிரதி போட்டாள். பல்லடத்திலிருந்து அவிநாசி வரைக்கும் பதினோரு வீட்டில் ஐந்தாம் ஜார்ஜ் உருமால் கட்டிக்கொண்டு கற்பூரம் வாங்கினார்.

தை மாதம் சேவூரிலிருந்து தொண்ணூறு வயதுக் கந்தப்பன் பண்ணைக்கு வந்தார். அந்தக் குடும்பத்தில் அப்பாரை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"உருமால் சரி. கடுக்கனும் சரி. ஆனா தாடி ஏதாயா? வாரா வாரம் நாசுவன் வந்து மழுமழுன்னு மழிச்சு உட்டுட்டுப் போவானே. தாடி வெச்சிருந்தது அவரோட அண்ணன்."

மறுநாள் காலையில் பழனாத்தாள் தண்டாயுதபாணிக்குப் போன் போட்டாள். நோட்டைத் திருப்பிக் கேட்கப்போகிறாள் என்றே நினைத்தார். ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"நீங்க கேட்டா குடுத்தறனுங்க," என்றார் முந்திக்கொண்டு.

"அது எதுக்குங்க? அது எங்க ஆளே இல்லீன்னு ஆயிப்போச்சு. நீங்களே வெச்சுக்கங்க. பாப்பாகிட்டச் சொல்லி தாடிய மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்க. எங்க படத்துலயும், அந்தப் பதினொண்ணுலயும்."

கிருத்திகா அன்று சாயந்தரமே ராசாவுக்குச் சவரம் செய்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு தண்டாயுதபாணி நோட்டைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார். கையில் வாங்கிப் பார்த்த நோட்டுக்காரர் ஒருவர், "சாமான் அபூர்வம்தானுங்க, ஆனா மூஞ்சியெல்லாம் கறை. ரசாயனம் போட்டு எடுத்துறலாமுங்களே?" என்றார்.

"இருக்கட்டுங்க," என்று சொல்லி வாங்கி உறையில் போட்டுக்கொண்டார் தண்டாயுதபாணி.